எட்வர்டுக்கு ஆறு மதிப்பெண்

டாக்டர் மணவாளனுக்கு அந்தக் காகிதத்தைக் கண்டாலே வயிறு எரிந்தது. கும்மிடிப்பூண்டியில் மெத்தைக்கு நுரைப்பஞ்சு செய்யும் ஆலையில் பதினான்கு வருடமாக அவர் ஒருவர்தான் மருத்துவர். 2007 ஜூனில் பழவேற்காட்டிலிருந்து டாக்டர் ஜபீன் வந்து சேர்ந்தாள். வந்த மாதமே ஒரு கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். வேலையால் ஆஸ்துமா வந்திருக்குமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் தாள்.

ரசாயனம் ஊற்றும் பிரிவில் இருந்த எளாவூர் எட்வர்டுக்கு இரண்டு வருடமாக இழுப்பு. சளி என்று சொல்லி மணவாளன் மாத்திரை கொடுத்து வந்தார்.

"அந்தம்மா அரமணி நேரம் உக்கார வெச்சி கேட்டாங்க சார்," என்றான் எட்வர்ட். "எந்த மிஷின்ல நிக்கிற, லீவு நாள்ல மூச்சு எப்டிகீதுன்னு. இதுவரைக்கும் யாரும் இப்டி கேட்டதில்ல."

கடைசி வார்த்தை மணவாளனுக்குச் சுருக்கென்றது.

ஜபீனே அவரிடம் தாளைக் கொண்டுவந்தாள். "ஏழு இருந்தாதான் சென்னைக்கு டெஸ்டுக்கு அனுப்புவோம்னு மேனேஜர் சொல்றாரு சார். எட்வர்டுக்கு ஆறுதான். நீண்ட லீவுல இழுப்பு நின்னுச்சாங்கிற கேள்விக்கு மட்டும், ஞாபகமில்லன்னுட்டாரு."

"காகிதம் நோயைச் சொல்லிடுமாம்மா?"

"சொல்லாது சார். யாரை சோதிக்கணும்னுதான் சொல்லும்."

அவள் போனதும் மணவாளனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. தான் சொன்ன சளிதான் சரி என்று காட்டிவிட வேண்டும் என்று எட்வர்டின் பழைய சிகிச்சை அட்டையைத் தேடி எடுத்தார். 2005 செப்டம்பர். அவர் கையெழுத்தேதான்: 'பத்து நாள் வேளாங்கண்ணி. இழுப்பு இல்லை. வேலைக்குத் திரும்பிய மறுநாள் மீண்டும்.' அதற்குக் கீழே சளி மாத்திரை.

அட்டையைத் திரும்ப அலமாரியில் செருகினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. காட்டினாலோ, பெயர் அவளுக்குத்தான். வெளியே வரிசையில் எட்வர்ட் இருமுவது கேட்டது. எழுந்து போய் அட்டையை அவள் மேஜையில் வைத்தார்.

"அந்தக் கேள்விக்கு ரெண்டு மதிப்பெண் இருக்கில்ல. போட்டுக்கோ."

ஜபீன் படித்தாள். "சார், இதை நீங்க அப்பவே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா. அப்பவே எழுதிட்டேன்," என்றார் மணவாளன்.

சென்னையில் எட்வர்டுக்கு மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு குழாய் கொடுத்து, தினம் நான்கு முறை ஊதி, அது காட்டும் எண்ணைக் குறித்துவரச் சொன்னார்கள். வேலை நாட்களில் எண் இறங்கியது, ஞாயிறுகளில் ஏறியது. மற்ற சோதனைகளும் அதையே சொல்லின. அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மூச்சு பெருமளவு சீரானாலும் முழுவதும் சரியாகவில்லை. இரண்டு வருடம் தாமதம் என்றார் அங்கிருந்த மருத்துவர்.

கிறிஸ்துமஸுக்கு எட்வர்டின் மனைவி கிறிஸ்டினா, ஜபீனுக்கு ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்தாள். அதில் இரண்டை ஜபீன் மணவாளனுக்கு அனுப்பினாள். அவர் அவற்றைத் தொடாமல் ஓரமாக வைத்தார்.

மறுநாள் அதே பிரிவிலிருந்து வரதன் இருமிக்கொண்டு வந்தான். மணவாளன் அவனை உட்கார வைத்தார். ஜபீன் காதில் விழாதபடி கதவைச் சாத்திவிட்டு, கேள்வித்தாளின் நகலை எடுத்து முதல் கேள்வியைக் கேட்டார்.