காலையில் எடுத்த நகல்

என் தம்பிக்கு எல்லாத்திலயும் வேகம் வேணும். சோத்தைக்கூட மெல்ல மாட்டான், முழுங்குவான். அந்த வேகத்துலதான் ஆஸ்பத்திரிக்கு வெப்சைட் எழுதிக் கொடுத்தான். மாத்துக் கிட்னிக்குக் காத்திருக்கிறவங்க அதுலதான் பதியணும். என் வீட்டுக்காரரும் பதிஞ்சிருந்தார். "பாரு அக்கா, தட்டினதும் வந்து நிக்கும்"னு தம்பி காட்டினப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

ஒருநாள் காலையில எங்க வீட்டுக்கு வந்தவன், எடையை மாத்தணும்னு அவன் அத்தானோட பக்கத்தை லேப்டாப்ல திறந்தான். அதுக்குள்ள ஆபீஸ்ல இருந்து போன். அப்படியே போட்டுட்டு பால்கனிக்குப் போய்ப் பேசினான், பேசினான், பேசிட்டே இருந்தான். வீட்டுக்காரர் முந்தின நாள்தான் பஸ்ல போனைத் தொலைச்சிருந்தார். நான் அடுப்படியில நின்னபடியே என் போன்ல அதே பக்கத்தைத் திறந்து, அவர் நம்பரை எடுத்துட்டு என் நம்பரைப் போட்டுச் சேமிச்சேன். தம்பி திரும்பி வந்து எடையை மட்டும் மாத்திச் சேமிச்சான். "டேய், நான் நம்பரை மாத்திட்டேன்"னு ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு டயாலிசிஸுக்குப் போனப்ப நர்ஸ் கேட்டாங்க. "ஏங்க போனையே எடுக்கல? கிட்னி வந்துச்சு. அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு அடுத்தவருக்குக் கொடுத்துட்டாங்க."

அங்கேயே என் போனை எடுத்தேன். பக்கத்தைத் திறந்தா, தொலைஞ்ச போனோட நம்பர் இருக்கு.

"இந்தக் கையாலதானேடா மாத்தினேன்!"னு தம்பிகிட்டக் கத்தினேன்.

அவன் லேப்டாப்பைத் திறந்து தான் எழுதினதை வரி வரியாப் பார்த்தான். "ஒருத்தர் உள்ள நுழைஞ்சா, வெளிய போற வரைக்கும் அவங்களுக்குன்னு ஒரு ஞாபகம் இருக்கும் அக்கா, செஷன்னு பேரு. அதுல நோயாளியோட அடையாள எண்ணை மட்டும்தான் வைக்கணும். மத்ததை ஒவ்வொரு கிளிக்குக்கும் எல்லா விவரமும் சேமிச்சிருக்கிற டேட்டாபேஸ்ல இருந்து புதுசா எடுக்கணும். வேகமா இருக்கட்டும்னு நான் மொத்த விவரத்தையும் அதுலயே வச்சுட்டேன். எடையைச் சேமிச்சப்ப, அன்னிக்குக் காலையில எடுத்த நகல் பழைய நம்பரோட முழுசா மேல போய் விழுந்துடுச்சு. நீ போட்ட நம்பரை நானே அழிச்சிருக்கேன்."

"அதுல எவ்வளவு நேரம்டா மிச்சம் பிடிச்சே?"

"கண் இமைக்கிற நேரம்கூட இல்ல."

படுபாவின்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். வீட்டுக்காரர், "விடு, வேணும்னேவா செஞ்சான்?"னார். அதைக் கேட்டுத்தான் தம்பி உடைஞ்சு அழுதான். அன்னிக்கே எல்லாத்தையும் சரிபண்ணிட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இப்ப குளிக்கப் போனாலும் போன் என்கூடத்தான் வரும். நேத்து துணி அலசிட்டு இருக்கும்போது அடிச்சுது. சோப்புக் கையோட பாய்ஞ்சு எடுத்தேன்.

"அக்கா, ஒண்ணுமில்ல. இந்த நம்பருக்கு வருதான்னு பார்த்தேன்."

"வருது. வை. லைன் காலியா இருக்கணும்."

திரும்பினா, வீட்டுக்காரர் வாசப்படியில நிக்கறார். அதுக்குள்ள வெளிய போற சட்டையை மாட்டியிருந்தார்.

"ஆஸ்பத்திரியா?"

"இல்லங்க. தம்பி."

"ஓ"ன்னுட்டு, ஒவ்வொரு பொத்தானா கழட்ட ஆரம்பிச்சார்.