ஒரு பிடி சம்பல்

எங்கட சமையல்கூடத்துக்கு வாற ஒருத்தரும் பசிக்குது எண்டு சொல்லமாட்டாங்க. "இண்டைக்கு வீட்ட சமைக்கல்ல" எண்டுதான் சொல்லுவாங்க. நுரைச்சோலையில நாங்க வெறும் நூறு ரூபாய்க்குப் பகல் சோறு குடுக்கிறம். அதை வாங்கவும் ஆக்களுக்கு ஒரு கூச்சம். எனக்கு அதைக் கண்டா கோபம் வரும். வயிறு எண்டு இருந்தா பசிக்கத்தானே செய்யும்.

இராசையா அண்ணனும் அப்படித்தான். உடப்பு ஊர் ஆள், இங்க கடற்கரையில மீன்காரர்ட வாடிக் கொட்டில்ல வலை தைக்க வாறவர். "இருந்தா ஒண்டு தாங்க, முனவ்வரா தங்கச்சி" எண்டு வேற யாருக்கோ வாங்குற மாதிரிக் கேப்பார். போன கிழமை தொடக்கம் அவர் விரதம். மகள் கோசலாட ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சா தீ மிதிக்கிறதா அம்மனுக்கு நேத்தி வெச்சிருந்தார். மீன் வாயில படக்கூடாது. அவருக்கெண்டே ஒரு சட்டி ஒதுக்கி, பருப்பும் கத்தரிக்காயும் நானே சமைச்சேன். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும்தான்.

இண்டைக்கு யாரோ தேங்காய் கொண்டுவந்து தந்தாங்க. சம்பல் இடிச்சு, அவர்ட பார்சல்லயும் ஒரு பிடி வெச்சுக் கட்டினேன். அவர் போய்க் கொஞ்ச நேரத்தால, சோறு கட்டிக்கொண்டிருந்த முஃப்லிஹா கேட்டாள்:

"லாத்தா, சம்பலுக்கு மாசி போட்டீங்களா?"

"மாசி போடாமச் சம்பலா? விசர்க் கதை கதைக்காதடி."

சொல்லி முடிய முந்தியே இராசையா அண்ணன்ட விரதம் எனக்கு ஞாபகம் வந்திட்டு. மாசி காஞ்ச மீன்தான், ஆனா அதை நான் ஒருநாளும் மீன் எண்டு நினைச்சதில்ல. உப்புக்குப் போற மாதிரித்தான் அந்த டின்னுக்கும் கை தானாப் போகும்.

செருப்பும் போடாம ஓடினேன். உச்சி வெயில், மணல் காலைச் சுட்டுது.

வாடி நிழல்ல அவர் வலை தைச்சுக்கொண்டு இருந்தார். பார்சல் பக்கத்துல திரும்ப மடிச்சபடி கிடந்துச்சு.

"அண்ணன், சாப்பிட்டீங்களா?"

"ஒரு வாய்."

"சம்பலோடயா?"

"ஓம்." அவர் வலையில இருந்து கண்ணை எடுக்கல்ல. "தெரிஞ்சா செஞ்சீங்க, விடுங்க. கடல்ல தலை முழுகிட்டு அம்மன்ட்ட சொல்லுறன். அவவுக்கு விளங்கும்."

நான் மணல்லயே குந்தி அழுதேன். ஐம்பது வயசுல வெக்கமில்லாம அழுதேன். அவர் ஏசாததுதான் எனக்குத் தாங்க ஏலாமப் போச்சு.

"வந்து ஏசியிருக்கலாமே. வேற சோறு கேட்டிருக்கலாமே. இனி என்னத்தைச் சாப்பிடப்போறீங்க?"

"எனக்கு அவ்வளவா வேணாம். பின்னேரம் வீட்ட போய்ப் பாப்பம்."

"பொய் சொல்லாதீங்க" எண்டேன். எனக்குக் கோபம் வந்திட்டு. "விடிய நாலு மணிக்கு வீட்டுல இருந்து வெளிக்கிட்ட மனிசன்."

அவர் ஊசியைக் கீழ வெச்சார்.

"பசிக்குது, தங்கச்சி" எண்டார்.

நான் முகத்தைத் துடைச்சுக்கொண்டு எழும்பினேன்.

"முழுகிட்டு வாங்க. சட்டியைத் தேய்ச்சுக் கழுவி உலை வெக்கிறேன்."