இடப்பக்கத்து நாற்காலி

கப்பலூரில் நட்டும் போல்ட்டும் செய்கிற கம்பெனியில் செல்லக்கிளிதான் டைப்பிஸ்ட். அவள் தட்டத் தொடங்கினால் பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுகிறவனே திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவளின் மேஜையில், 1988 மாசியில், முதலாளி வெள்ளைத்துரை ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். அதற்கு மாலை போட்டுச் சூடம் காட்டிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"ஏத்தா, வெள்ளிக்கிழமைக்குள்ள இதுல கடுதாசி அடிக்கப் பழகிரு. இல்லேன்னா பழகின பிள்ளையா ஒண்ணப் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காத."

எங்கே கோபிப்பது? அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சொல்லிக்கொடுக்க நாகமலை புதுக்கோட்டையிலிருந்து காசிமாயன் வந்தான். கம்ப்யூட்டர் படித்தவன், மூக்குக்கண்ணாடிக்காரன். வலப்பக்கம் ஆட்டுக்கல் கனத்தில் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்ததால், அவளுக்கு இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டைப்ரைட்டரில் வரி முடியும்போது மணி அடிக்கும். இடது கை தானாக எழுந்து, ஓரத்திலிருக்கும் கம்பியைத் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் மணியும் இல்லை, கம்பியும் இல்லை. வரி தானே கீழே இறங்கிக்கொள்கிறது. ஆனால் இதையெல்லாம் செல்லக்கிளியின் கைக்கு யார் எடுத்துச் சொல்வது? முதல் வரி முடிந்ததும் கை கிளம்பியது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் காசிமாயனின் கன்னம் இருந்தது.

"ஐயையோ, சார்!"

"பரவால்லங்க. அடுத்த வரிக்குப் போங்க."

போனாள். இந்தத் தடவை கண்ணாடி பறந்தது.

மூன்றாம் நாள் ஸ்டெபிலைசரை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். வலப்பக்கம் இப்போது ஒரு மாட்டுவண்டியே நிறுத்தலாம். காசிமாயன் மட்டும் நாற்காலியை நகர்த்தவில்லை. செல்லக்கிளி அதைக் கவனித்தாள். கவனிக்காதவள் போல இன்னும் இரண்டு அறை கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி நேரே வந்து இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

காசிமாயன் பதறிப்போய் வலப்பக்கத்தைக் காட்டினான். "அண்ணே, இந்தப் பக்கம் காத்து வருது, இங்கிட்டு உக்காருங்க."

"எனக்கு இங்கனதான் தோது. நீ அடி தாயி."

செல்லக்கிளி அடித்தாள். கையை நினைத்தால் விரல் தடுமாறியது. விரலை நினைத்தால் கை துடித்தது. முதலாளி கன்னத்தில் விழுந்தால் இன்றோடு வேலை போச்சு. வரி முடிந்தது, கை எழுந்தது. அந்த நொடியில், பின்னால் நின்ற காசிமாயன் இருவருக்கும் நடுவே குனிந்து தலையை நீட்டினான்.

பளார்!

"என்னத்தா, படிச்ச பிள்ளையப் போட்டு அடிக்கிற?"

"கொசுண்ணே," என்றான் காசிமாயன், கன்னத்தைத் தடவிக்கொண்டு. "நான்தான் அடிக்கச் சொன்னேன்."

அடுத்த வரிக்கும் குனிந்தான். அதற்கடுத்த வரிக்கும்.

"பட்டப்பகல்ல இம்புட்டுக் கொசுவா?"

"பக்கத்துல சாக்கடைண்ணே."

பிரிண்டர் கரகரவென்று கடிதத்தைத் துப்பியது. முதலாளி மேலும் கீழும் பார்த்தார். ஒரு பிழை இல்லை.

"இனி இந்தப் பொட்டி உன் பொறுப்புத்தா. மொதல்ல ஒரு கொசுவத்தி வாங்கி வையி." சொல்லிவிட்டு எழுந்து போனார்.

செல்லக்கிளி மெதுவாகத் திரும்பினாள். "ரொம்ப வலிக்குதா சார்?"

"பழகிருச்சு. ஞாயித்துக்கிழமை எங்க ஆத்தா உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வரணுங்குது. வரச் சொல்லவா? இடப்பக்கம் மட்டும் உக்காந்துராதன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவள் விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பயப்படாம வரச் சொல்லுங்க. காப்பித் தட்டை ரெண்டு கையாலதான் பிடிப்பேன்."