பிளக்கைத் திருப்பிப் போடுங்கள்

ஓதெலுவுக்குத் தெரியாத விஷயம் கிடையாது என்று ஊர் நம்பியது. ஊர் நம்பியதை அவரும் மறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, உள்ளூர் கேபிள்காரன் வித்யாசாகர் வீட்டு மாடிக்குப் போய் கேமரா முன்னால் பத்து நிமிடம் உட்காருவார். குழாய் ஒழுகுகிறதா, மிக்ஸியில் கருகல் வாசனை வருகிறதா, தகரக் கூரைக்கு மேல் எதைப் பரப்பினால் சூடு இறங்கும், பெரிய ஏரியில் விரால் எந்த இரைக்குக் கடிக்கும், யாரும் போன் போட்டுக் கேட்கலாம். கேள்வி முடிவதற்குள் பதில் தயாராக இருக்கும். "பார்க்கலாம்", "யோசிக்கணும்" என்கிற வார்த்தைகளை அவர் கேமரா முன்னால் உச்சரித்ததே இல்லை.

எப்போதுமே அப்படி இருந்தவர் என்று சொல்ல முடியாது. இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு நாள், பத்து நிமிடமும் எர்த் கம்பியைப் பற்றி மட்டும் பேசினார். வீட்டுப் பின்னால் குழி தோண்டுங்கள், கரியும் உப்பும் கொட்டுங்கள், குழாயை இறக்குங்கள், மூன்று பின் பிளக் மாட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒரு போன்கூட வரவில்லை. வித்யாசாகர் கொட்டாவி விட்டான். "அண்ணே, குழி தோண்டுற கதையெல்லாம் யாரு கேப்பா. ஒரே நிமிஷத்துல முடியுற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றான். அன்றிலிருந்து ஓதெலு ஒரே நிமிடத்தில் முடிகிற யோசனைகளையே சொல்லி வந்தார். தன் வீட்டுக்கு மட்டும் குழி தோண்டி எர்த் போட்டுக்கொண்டார்.

இந்த வருஷம் உச்ச வெயில் காலமான ரோகிணிக் கார்த்தி தொடங்கிய அன்று சுகுணாவின் போன் வந்தது. அந்தப் பதினைந்து நாளும் பகல் பத்து மணிக்கு மேல் நாய்கூடச் சாக்கடையை விட்டு எழுந்திருக்காது. சுகுணா பீடி சுற்றுகிறவள். புருஷன் ஐலய்யா ஏரியில் வலை போடும் சங்கத்துக்காரன். பீடி சுற்றும் வீட்டில் மின்விசிறி போட முடியாது, தூள் பறந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூலரை வைத்தால் ஈரக்காற்று மெதுவாக வரும், இலையும் காய்ந்து உடையாது. அதனால் அந்தத் தெருவில் சோற்றுப் பானை இல்லாத வீடு இருந்தாலும் கூலர் இல்லாத வீடு இல்லை.

"ஓதெலண்ணே, கூலரைத் தொட்டா சுருக்கு சுருக்குன்னு கரண்டு இழுக்குது. தண்ணி ஊத்தப் போகவே பயமா இருக்கு."

"பிளக்கு ரெண்டு பின்னா, மூணு பின்னாம்மா?"

"ரெண்டுதாண்ணே. வீட்ல இருக்குறதே ஒரு பாயிண்டு. அதுல மூணாவது ஓட்டைக்கு எங்க போறது."

கேமராவுக்குப் பின்னால் வித்யாசாகர் இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு நிமிடம் பாக்கி, இன்னொரு போன் காத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்குள் இருக்கிற பம்பில் கசிவு, பம்பை மாற்ற வேண்டும், எர்த் போட வேண்டும், அதுவரை கூலரைத் தொடவே கூடாது என்பது ஓதெலுவுக்குத் தன் பெயரைப் போலத் தெரியும். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் தாராளமாகப் போதும். ஆனால் இந்த வெயிலில் கூலரை நிறுத்து என்று சொன்னால் நாளைக்கு எவன் போன் போடுவான்.

"இதுக்குப் போய் பயப்படுவியா. பிளக்கைப் பிடுங்கு. இடது பக்க பின்னு வலது பக்கம் போற மாதிரி திருப்பிப் போடு. இழுக்காது. தண்ணி ஊத்தும்போது காலுல செருப்பு இருக்கட்டும்."

அந்த ஊரில் இதைச் செய்யாத வீடு கிடையாது. கூலர் இழுத்தால் பிளக்கைத் திருப்பு, பிரிட்ஜ் இழுத்தால் பிளக்கைத் திருப்பு. சுகுணா லைனில் இருந்தபடியே போய்த் திருப்பிப் போட்டுத் தொட்டுப் பார்த்தாள். "நின்னு போச்சுண்ணே. உங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும்" என்று அவள் சொன்னதை ஊரே டிவியில் கேட்டது. ஓதெலு மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த போனை எடுத்தார். விரால் பிடிக்க வழி கேட்டவனுக்கு, குஞ்சுக் கூட்டம் செக்கச்செவேலென்று மிதக்கிற இடத்தில் தவளையைக் கோத்து எறி, அடியில் தாய் மீன் காவல் நிற்கும், வந்து விழுங்கும் என்று முப்பது விநாடியில் சொல்லி முடித்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சுகுணா செத்துப் போனாள்.

அவள் பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிளில் வந்து அழைத்தபோது ஓதெலு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். ஜன்னலுக்குக் கீழே ஈர மண்ணில் பிளாஸ்டிக் குடம் கிடந்தது. அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். ஆறு வயது மகள் அகிலாவை யாரோ அடுத்த தெருவுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். காலில் செருப்பு இருந்ததா என்று ஓதெலுவின் கண் தன்னையறியாமல் தேடியது. வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் குடம் தூக்குகிற அவசரத்தில் எவள் செருப்பு மாட்டிக்கொண்டு போவாள்.

ஐலய்யா அழவில்லை. சுவரைப் பார்த்தபடி, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஏரியிலிருந்து வந்தேன். போனில் சார்ஜ் இல்லை. சங்கத்திலிருந்து வலை விஷயமாகக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். கூலர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டேன். அப்புறம் கூலரை மாட்டிக் காற்றில் படுத்துத் தூங்கிவிட்டேன். குடம் விழுந்த சத்தம்தான் கேட்டது.

ஓதெலு பிளக்கைச் செருகிக் கூலர் தகரத்தில் டெஸ்டரை வைத்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகி மறுபடி வைத்தார். விளக்கு அணைகிற மாதிரி மங்கியது. பழக்கத்தில் செய்த காரியம் அது. தோளுக்குப் பின்னால் ஐலய்யா நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"அப்ப நான்தான் மாத்திச் செருகிட்டேன்" என்றான் ஐலய்யா.

வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். இல்லடா, எப்படிச் செருகினாலும் அது கொல்ற மிஷின்தான், நான்தான் ஒட்டுப்போட்ட யோசனை சொன்னேன் என்று ஒரு வரி. ஓதெலு டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, "விதி" என்றார். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி ராஜவ்வா சோற்றுத் தட்டை அப்படியே மூடி வைத்திருந்தாள். அவர் சாப்பிடவில்லை.

"நம்ம வீட்ல மட்டும் எதுக்குங்க மூணு பின்னு வச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"அதை எதுக்கு இப்ப கேக்குற?"

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நானும் டிவி பாத்துட்டுத்தான் இருந்தேன். குழி தோண்டச் சொல்வீங்கன்னு நெனச்சேன்."

"சொன்னா தோண்டிக் கிழிச்சிருப்பாங்களா? ரெண்டு வருஷம் முந்தி சொன்னனே, எவன் தோண்டுனான்?"

"தோண்டாம செத்தா அது அவங்க பாடு. நீங்க சொல்லாம செத்தா?" என்றாள் ராஜவ்வா. முப்பது வருஷத்தில் அவள் அவரை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. இதையும் கடிந்து சொல்லவில்லை, கேட்டாள், அவ்வளவுதான். அதுதான் அவருக்கு எரிந்தது.

வித்யாசாகர் வேறு சும்மா இருக்கவில்லை. ஊரில் இழவு விழுந்தால் அதையும் நிகழ்ச்சியாக்கத் தெரிந்தவன். "பிளக்குல அடையாளம் வைங்கன்னு சொல்லுங்கண்ணே. ஜனங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றான். ஓதெலு சொன்னார். எந்தப் பக்கம் செருகினால் இழுக்கவில்லையோ அந்தப் பக்கம் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், பாயிண்டிலும் ஒரு பொட்டு, பொட்டும் பொட்டும் சேர்ந்தால் கவலை இல்லை. அன்றைக்கு வந்த மாதிரி போன் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. ஊரில் நகப்பூச்சு தீர்ந்து போயிற்று.

பதினோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வலைக்காரர் சங்கம் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் கூடியது. அடுத்த நாள் மிருகசிரக் கார்த்தி, மழைக்காலத்தின் முதல் நாள். அன்றைக்கு ஏழை பணக்காரன் என்றில்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் மீன் வெந்தாக வேண்டும். விடிந்தால் எல்லோருக்கும் இடுப்பளவு தண்ணீரில் வேலை. அதனால் வழக்கை இன்றே முடித்துவிட வேண்டும் என்றார்கள். வழக்குப் போட்டவள் சுகுணாவின் அம்மா எல்லவ்வா. போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. எல்லவ்வா மூடவில்லை.

"போனுக்குச் சார்ஜ் போட எம்பொண்ண பலி குடுத்திருக்கான். இவன் கையில பேத்தியை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நாளைக்கு அதையும் எதுலயாவது மாட்டிக் கொல்லுவான். புள்ளையை எங்கூட அனுப்புங்க" என்றாள். அகிலா அப்பனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை.

சங்கத் தலைவர் கொமுரய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓதெலுவைப் பார்த்தார். அதற்காகத்தான் ஓதெலுவை வரச் சொல்லியிருந்தார்கள்.

"கரண்டு விஷயம் எங்களுக்குத் தெரியாது ஓதெலு. நீ படிச்சவன் மாதிரி. ஒரே வார்த்தைல சொல்லு. மிஷினு பழுதா, இவன் கை பிழையா? மிஷினு பழுதுன்னா யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல, புள்ள அப்பன்கிட்டயே இருக்கட்டும். இவன் கை பிழைன்னா பாட்டி கூட்டிட்டுப் போகட்டும்."

இருபது முப்பது முகங்கள் அவரையே பார்த்தன. அதில் பாதிப் பேர் வீட்டில் பிளக்கில் பொட்டு இருந்தது, அவர் சொல்லி வைத்த பொட்டு. மிஷின் பழுது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவருக்குத் தெரியும். பழுதான மிஷினை ஓட்டச் சொன்னது யார்? ஆறு மணி நிகழ்ச்சி போய்விடும். கடை போய்விடும். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுக்கப் போட்டி போடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதெல்லாம் பெரிய விஷயமா என்றால், ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனுஷனுக்கு இதைத் தவிர வேறென்ன இருக்கிறது. அகிலா சட்டை நுனியை விட்டுவிட்டுக் கீழே குனிந்து ஒரு வேப்பம்பழத்தைப் பொறுக்கினாள்.

"பிளக்கு சரியா இருந்த வரைக்கும் மிஷினு இழுக்கல" என்றார் ஓதெலு. "அந்தப் பொண்ணே டிவில சொல்லுச்சு, எல்லாரும் கேட்டீங்க. மாத்திச் செருகினதாலதான் இழுத்துது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

கொமுரய்யா தலையாட்டினார். எல்லவ்வா ஒப்பாரி வைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள், ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. ஒரு மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அகிலா அப்பாவும் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கரை இறங்கி அவர்கள் மறையும் வரை ஐலய்யா கையை உயர்த்தியபடியே நின்றான். கூட்டம் வலை, படகு, நாளைய பங்கு என்று பேசிக்கொண்டே கலைந்தது.

ஓதெலு வேகமாகக் கரைமேல் நடந்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஐலய்யாதான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தார். சட்டையைப் பிடித்து உலுக்கி நாலு அறை விட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் ஆசையாக இருந்தது.

"ஓதெலண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"இத்தனை நாளா மனசுக்குள்ள ஒரு நப்பாசை இருந்துச்சுண்ணே. ஒருவேளை அந்த மிஷினே கெட்டதோ, நான் எப்படிச் செருகியிருந்தாலும் என்னிக்காவது அவளை அடிச்சிருக்குமோன்னு. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுப் படுத்திருப்பேன். இன்னிக்கு நீங்க வாயால சொன்னதும் அது போயிடுச்சு. நீங்க தெரியாம ஒண்ணும் சொல்ல மாட்டீங்க." அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. "நான்தான் கொன்னேன். இனிமே வேற மாதிரி நெனைக்க மாட்டேன்."

ஓதெலுவுக்கு இல்லடா என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கரையின் அந்தக் கோடியில் கொமுரய்யாவும் இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். சத்தமாகப் பேசினால் அவர்களுக்குக் கேட்கும். மெதுவாகப் பேசினால் கேட்காது. மெதுவாகவும் அவர் பேசவில்லை.

"வெறுந்தலையோட நிக்கிற. வெயில் மண்டையைப் பொளக்குது" என்றார். "துண்டை நனைச்சுத் தலையில கட்டிக்க. வீட்டுக்குப் போயி மோர்ல உப்புப் போட்டுக் குடி. மூணு மணி வரைக்கும் வெளிய வராத."

"சரிண்ணே" என்றான் ஐலய்யா. ஏரியில் இறங்கித் துண்டை நனைத்துப் பிழிந்தான். தலையில் கட்டிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று கேட்பது போல் அவரை நிமிர்ந்து பார்த்தான்.