கழுவிவிட்ட தண்ணீர்

தெருவில் அவளை எல்லோரும் பினாயில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டில் இருபத்திரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். வேலையை விட்டாலும் கை விடுமா? வீட்டுக்குப் பின்னால் தன் நாய் கறுப்பிக்குக் கொட்டகை போட்டு, சிமெண்டுத் தரை போட்டு, மூன்று வேளையும் குழாயைத் திறந்து அது கழிந்து வைத்ததையெல்லாம் தண்ணீரால் அடித்துத் தள்ளுவாள். தரை பளபளவென்று இருக்கும். தள்ளியதெல்லாம் எங்கே போகிறது என்று அவள் யோசித்ததில்லை. சிமெண்டு முடிகிற இடத்தில் நிழலாக ஒரு துண்டு ஈர மண். அதைத் தாண்டி மதிலுக்கு அடியில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெல்டர் வீடு. வெயில் ஏறினால் கறுப்பி அந்த ஈர மண்ணில்தான் வயிற்றைப் பதித்துப் படுக்கும்.

வெல்டர் நல்ல மாதிரியாகவே சொல்லிப் பார்த்தான். "அக்கா, தண்ணி எங்க பக்கம் வந்து தேங்குது. வேற வழியா விடுங்களேன்."

"பினாயில் கலந்த தண்ணிப்பா. உன் வீடும் சேர்ந்து சுத்தமாகுது, சந்தோஷப்படு!" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். நாலு தடவை சொன்னான். நாலு தடவையும் அதே பதில்தான்.

கறுப்பி ஏழு குட்டி போட்டது. பத்து நாள் ஏழும் கொழுகொழுவென்று ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பால் குடித்தன. பதினோராம் நாள் ஒன்று பால் குடிக்காமல் ஒதுங்கிப் படுத்தது. மறுநாள் விறைத்துக் கிடந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு. மிச்சக் குட்டிகள் தாரில் தண்ணீர் கலந்த மாதிரி கறுப்பாகக் கழிந்தன. அவள் இன்னும் கொஞ்சம் பினாயிலை ஊற்றி, மூன்று வேளைக் கழுவலை ஐந்து வேளையாக்கினாள். பதினைந்தாம் நாள் காலையில் ஒரே ஒரு குட்டி மிச்சம்.

தாய் திடமாக நிற்கிறது, குட்டி மட்டும் சாகிறதென்றால் விஷம் இல்லாமல் வேறென்ன? அவள் மதில் ஓரம் போய் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "தண்ணி வருதுன்னு மூக்கால அழுதவன் நீதானே? வாயில்லா ஜீவனுக்கு விஷம் வெச்சியா? நீ நல்லா இருப்பியா?"

வெல்டர் கையில் இருந்த இரும்புக் கம்பியைக் கீழே வைத்தான். "அக்கா, நான் ஏன்..." என்று ஆரம்பித்து, அவள் மூஞ்சியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மனைவி அவனை உள்ளே இழுத்துப் போனாள்.

கடைசிக் குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் நாய் டாக்டரிடம் ஓடினாள். டாக்டரம்மா குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"விஷம்தானே டாக்டர்?"

"விஷம் இல்லம்மா, கொக்கிப்புழு. குடலைக் கடிச்சுத் தொங்கி ரத்தம் குடிக்கும். தாய் உடம்புல தூங்கிக் கிடந்துட்டு, பால் வழியா குட்டிக்கு வந்துடுது. ரெண்டாவது வாரமே பூச்சி மருந்து ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தாய்க்கும் சேர்த்து. கொட்டகையை எப்படிச் சுத்தம் பண்றீங்க?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவளுக்குத் தலை நிமிர்ந்தது. தண்ணீர், பினாயில், மூன்று வேளை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தத் தண்ணி எங்க போகுது?"

சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மலத்துல முட்டை இருக்கும்மா. ஈர மண்ணும் நிழலும் கிடைச்சா ஒரு வாரத்துல புழுவாகி, மேல படுக்குற நாயோட தோலுக்குள்ள பூந்துடும். மண்ணுக்குள்ள போனதைப் பினாயில் ஒண்ணும் பண்ணாது. தண்ணி அடிக்காம, அன்னன்னைக்கே காய்ஞ்சபடி அள்ளி எடுத்திருக்கணும். நீங்க கழுவலை, விதைச்சிருக்கீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனால் அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை. மருந்து வேலை செய்கிற வரை குட்டி தாங்க வேண்டுமென்றால் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், திடமான பெரிய நாய் ஒன்று வேண்டும் என்றார் டாக்டரம்மா. தெருவில் அப்படி ஒன்றுதான் உண்டு. வெல்டருடைய நாய், சிங்கம்.

எந்த முகத்தோடு போவது? அதே முகத்தோடுதான் போனாள். வாசலில் நின்று, "தம்பி" என்றாள். குட்டிக்கு ரத்தம் வேண்டும் என்பதை அழுகைக்கு நடுவே அரையும் குறையுமாகச் சொன்னாள். மனைவி கதவைச் சாத்தப் போனாள். வெல்டர் கேட்டுக்கொண்டு நின்றவன், சட்டையை மாட்டிக்கொண்டு சிங்கத்தின் சங்கிலியை எடுத்தான்.

டாக்டரம்மா சிங்கத்தைத் தடவிக் கொடுத்து, உதட்டைத் தூக்கினார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு துளி ரத்தம் எடுத்துப் பரிசோதித்தார். பிறகு மலத்தையும் எடுத்துப் பார்த்தார்.

"இதுக்கும் அதே புழுதான். பெரிய நாய்ங்கறதால தாங்கிட்டு நிக்குது. மருந்து கொடுத்தா தேறிடும். ஆனா இதுகிட்ட இருந்து ரத்தம் எடுக்க முடியாது."

வேறு நாய்க்கு டாக்டரம்மா போன் மேல் போன் போட்டார். மூன்றாவது போனுக்கு நடுவில் முந்தானைக்குள் இருந்த சூடு அடங்கிப்போனது. அவள் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது சிங்கம் இருவருக்கும் நடுவில் நடந்தது. அவள் வீட்டு வாசல் வந்ததும் நின்றாள்.

"விஷம் வெச்சது நான்தான் தம்பி. உன் நாய்க்கும் நான்தான்."

அவன் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். "என் பொண்ணு வெறுங்காலோடதான் பின்னாடி விளையாடுவா. ஒரு மாசமா பாதத்துல செவப்பா கோடு ஓடுது, அரிப்புல தூங்க மாட்டேங்குறா. அங்கயே டாக்டர்கிட்ட கேட்டேன். அதுவும் இந்தப் புழுவா இருக்கலாமாம், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க." குரலை உயர்த்தவே இல்லை. "முதல்ல அந்த ஓட்டையை அடைங்கக்கா."

அன்று சாயங்காலமே சிமெண்டு குழைத்து ஓட்டையை அடைத்தாள். கொட்டகையில் கிடந்ததை முறத்தால் அள்ளினாள். குழாயைத் தொடவில்லை. பால் கட்டிய மடியோடு கறுப்பி கொட்டகையின் நாலு மூலையையும் முகர்ந்து தேடிவிட்டு, பழக்கமான அந்த ஈர மண்ணில் படுக்கப் போனது.

"படுக்காதே!" என்று அலறினாள். கறுப்பி பயந்து காதை மடித்துக்கொண்டு, அங்கேயே படுத்துவிட்டது.