கையைத் தூக்கிக் குளித்தவர்கள்

எங்கள் சங்கத்துக்கு அமேசான் பெண்கள் என்று பேர் வைத்தவன் கண்டிப்பாக ஆம்பிளையாகத்தான் இருப்பான். பழைய கிரேக்கக் கதையில் வில் வளைக்க இடைஞ்சல் என்று ஒரு பக்கத்து மார்பைத் தாங்களே அறுத்துக்கொண்ட வீராங்கனைகளாம். நாங்கள் எந்த வில்லையும் வளைக்கவில்லை. எங்களுக்குப் புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள், அதுவும் எங்களைக் கெஞ்சவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு. போலந்தில் ஊருக்கு ஊர் இந்தப் பேரில் சங்கம் இருக்கிறது. எங்களுடையது சிலேசியாவில், நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே. என் பேர் ட்ரூடா. ஆயுசில் பாதி டிராம் ஓட்டியவள். தண்டவாளத்தில் காரை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போகிறவர்களைத் திட்டித் திட்டியே எனக்கு வாய் நீண்டுபோயிற்று.

போன பிப்ரவரியில் தாத்ரா மலைக்கு ஒரு நாள் சுற்றுலா போனோம். வழிகாட்டியோடு பஸ், மலை உச்சி, பாலாடைக்கட்டி, கடைசியாக வெந்நீர்க் குளங்கள், இருட்டியதும் வீடு. என் பக்கத்து சீட்டில் ரொஸாலியா உட்கார்ந்திருந்தாள். சங்கத்துக்குப் புதியவள், நாற்பதைத் தாண்டியவள், பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. இடது மார்பை எடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பஸ் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள், மலையைப் பார்ப்பாளாம், தண்ணீரில் மட்டும் இறங்கமாட்டாளாம். வந்ததே வீட்டுக்காரர் அலோயிஸின் தொல்லை தாங்காமல்தான். அந்த மனுஷன் தானாகவே எங்கள் தலைவி ஹில்டாவுக்குப் போன் போட்டு இவள் பேரைக் கொடுத்துவிட்டாராம்.

கிராகூவ் தாண்டியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள். இந்த எட்டு மாதத்தில் அலோயிஸ் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லையாம். குளியலறைக்குத் தாழ்ப்பாள், உடை மாற்ற விளக்கை அணைக்க வேண்டும், படுத்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். அவர் ஒரு தடவை கேட்டாராம், பிறகு கேட்கவில்லையாம்.

"பாக்கறப்போ அவரு மூஞ்சி ஒரு நொடி மாறிச்சுன்னா போதும் அக்கா. நான் அதோட முடிஞ்சேன்," என்றாள்.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என் வீட்டுக்காரர், நல்ல ஆத்மா, போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் முதல் தடவை பார்த்துவிட்டு ஒரு வாரம் வீட்டுக்கே வராமல் குடித்தார். இதை அவளிடம் சொல்வேனா? பையிலிருந்து வெள்ளரிக்காய் ஊறுகாயும் ரொட்டியும் எடுத்துக் கொடுத்தேன்.

வழிகாட்டி யெந்த்ரெக் மலைக்காரன். கம்பளிக் கால்சட்டை, சிப்பி கோத்த தொப்பி, நாக்கில் எப்போதும் ஒரு கேலி. சிலேசியாக்காரர்கள் பூமிக்குக் கீழே போகிறவர்கள், மலைக்காரர்கள் மேலே போகிறவர்கள், நடுவில் இருப்பவன்தான் இரண்டு பேரையும் தின்றுவிடுகிறான் என்று மைக்கில் சொன்னான். உச்சிக்குக் கயிற்று ரயிலில் கூட்டிப் போய், ஒரு மலையும் தெரியாத மேகத்தைக் காட்டி ஒவ்வொரு சிகரத்துக்கும் பேர் சொன்னான். நாங்களும் தலையை ஆட்டினோம். புகைபோட்ட ஆட்டுப்பால் கட்டியைச் சுட்டு, மேலே சிவப்புப் பழ ஜாம் வைத்துக் கொடுத்தார்கள். கூடவே சுண்டுவிரல் அளவு வோட்கா. ஹில்டா கோயிலில் பாடுகிறவள், கழுத்துவரை பொத்தான் போடுகிறவள், அவளும் மருந்து என்று சொல்லி இரண்டு குடித்தாள்.

வெந்நீர்க் குளத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. உடை மாற்றும் அறையில்தான் வினை ஆரம்பித்தது. எங்களில் பலருக்குச் சிலிக்கான் மார்பை உள்ளே செருகிக்கொள்கிற மாதிரி பை தைத்த நீச்சலுடை இருக்கிறது. நான் அந்தக் கனத்தைச் சுமப்பதில்லை, அது என் வீட்டு அலமாரியில் தூங்குகிறது. ரொஸாலியாவிடம் இருந்தது பழைய நீச்சலுடை. பை தைத்த புதியது வாங்க அதற்கென்று இருக்கிற கடைக்குப் போனால் ஊரே பார்க்கும் என்று போகவில்லை. ஹில்டாவும் மற்றவர்களும் சேர்ந்து இழுத்ததில் அதைப் போட்டுக்கொண்டு, மேலே அலோயிஸின் டி-ஷர்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, காலையாவது நனைக்கிறேன் என்று வாசல் வரை வந்துவிட்டாள். அங்கே நின்ற பெண் மறித்தாள். துணியோடு தண்ணீரில் இறங்கக் கூடாதாம், சுத்தம் கெடுமாம், சட்டமாம். ரொஸாலியா அவள் காதருகே போய்க் காரணத்தையே சொன்னாள். நான் பார்த்தேன், கழுத்தெல்லாம் சிவந்துபோய்ச் சொன்னாள். அந்தப் பெண் பாவம் என்ற முகத்தோடு, எல்லோருக்கும் ஒரே சட்டம்தான் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே தூக்கித் தண்ணீரில் போட்டிருப்பேன். ரொஸாலியா என் முழங்கையைப் பிடித்து, விட்டுவிடச் சொல்லி, டி-ஷர்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வேறு வழியில்லாமல் நாங்கள் மட்டும் வெளியே இருந்த குளத்துக்குப் போனோம். சுற்றிலும் பனி, தண்ணீர் முழுக்க ஆவி, நாலு அடிக்கு அப்பால் யார் என்று தெரியாது. எங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால் அந்தப் பக்கத்துக் கை சூடான தண்ணீரில் ஊறக் கூடாது. ஊறினால் நீர் கோத்து யானைக்கால் மாதிரி வீங்கும், இறங்கவே இறங்காது. வெந்நீருக்கே போகாதீங்கம்மா என்றுதான் டாக்டர் சொல்வார். வெந்நீர் இல்லாமல் என்ன மலை? ஆகவே எங்கள் சங்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். சூடு குறைந்த குளமாகப் பார்த்து, கொஞ்ச நேரம் மட்டும், அந்தக் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்போம். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு கை மேலே இருக்கும். எங்களுக்கு அது பழகிப்போனதால் பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

குளத்துக் காவலனுக்கு அது மூழ்குகிறவர்களின் கைகளாகத் தெரிந்திருக்கிறது. ஆவிக்கு மேலே வரிசையாகக் கைகள், கீழே ஆளைக் காணோம். விசில் ஊதினான், எங்கோ மணி அலறியது, மிதவைக் கட்டையோடு ஒருத்தன் குதித்தான். குதித்தவன் நேராக ஹில்டாவின் கழுத்தை வளைத்துப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். கோயிலில் பாடுகிற ஹில்டா வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் டிராம் டிப்போவில்கூடக் கேட்டதில்லை.

அப்போது உள்ளேயிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள் ரொஸாலியா. துண்டு எங்கே விழுந்ததோ. மணிச் சத்தம் கேட்டதும் நாங்கள் சாகிறோம் என்றே நினைத்திருக்கிறாள். பனியில் வெறுங்காலோடு வந்து, யோசிக்காமல் தலைகுப்புறப் பாய்ந்து, என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். தூக்குகிறாள், தூக்குகிறாள், நான் தரையில் நின்றுகொண்டிருக்கிறேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. கையத் தூக்கு, நனையுது பாரு," என்றேன்.

தூக்கினாள். பிறகுதான் குனிந்து தன்னைப் பார்த்தாள். நனைந்த துணி இடது பக்கம் நெஞ்செலும்போடு தட்டையாக ஒட்டிக் கிடந்தது. மணிச் சத்தம் கேட்டு நெருங்கி வந்து நின்ற ஜனமெல்லாம் எங்களையே பார்த்தது. அவள் உதடு துடித்தது. ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். என்னையும் பார்த்தாள், ஒரு பக்கம் தட்டையான என் நெஞ்சையும் பார்த்தாள், காவலனிடமிருந்து விடுபட்டு மூச்சு வாங்குகிற ஹில்டாவையும் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். நாங்களும் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம், இன்னொன்று மேலே இருந்தது.

அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள் மேலாளர் அம்மாள் வந்துவிட்டாள். கையில் மடித்த வெள்ளை டி-ஷர்ட்டுகள். குளத்து ஓரத்தில் குந்தி, தேன் தடவிய குரலில் பேசினாள். ஒரு விருந்தாளி வருத்தப்பட்டிருக்கிறார்களாம், குடும்பத்தோடு வந்தவர்களாம், குழந்தைகள் பார்க்கிறார்களாம். ஆகவே எங்கள் வசதிக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி டி-ஷர்ட் போட அனுமதிக்கிறாளாம், இல்லையென்றால் உள்ளே ஒதுக்குப்புறமாக ஒரு சின்னக் குளம் இருக்கிறதாம். சொல்லும்போது என்னையும் ரொஸாலியாவையும் மட்டும்தான் பார்த்தாள். ரெண்டு ஆள் தள்ளி ஒரு பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பிள்ளைகள் எங்களைக் கண்டுகொள்ளாமல் பனியை உருட்டித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தன.

நான் வாயைத் திறந்தேன். டிராம் காலத்து வார்த்தைகள் எல்லாம் தயாராக வரிசையில் நின்றன. ஆனால் ரொஸாலியா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். படிக்கட்டில் ஏறினாள். இடுப்பு தண்ணீருக்கு வெளியே தெரிகிற படியில் நின்றாள். எந்தப் பக்கமும் மறைக்கவில்லை.

"நான் வாசல்ல கேட்டேன். வெக்கத்த விட்டு, காரணத்தச் சொல்லிக் கேட்டேன். சட்டம்னு சொன்னீங்க," என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "எனக்கு வேணும்னப்ப இல்ல. பாக்கறவங்களுக்கு வேணும்னதும் மடிச்சுக் கொண்டாந்துட்டீங்க. எனக்கு இது வேணாம். அந்தச் சட்டம் நல்ல சட்டம்தான், நான் அப்படியே நடந்துக்கறேன்."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு வழிகாட்டியைக் கூப்பிட்டனுப்பினாள். யெந்த்ரெக் கம்பளிக் கால்சட்டையும் காலில் நீல பிளாஸ்டிக் உறையுமாக வந்து நின்றான். உங்கள் கூட்டத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள் என்றாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"மேடம், எங்க ஊர்ல பாதிப் பேருக்கு மரம் அறுக்கற தொழில். யாரு கையிலயும் அஞ்சு வெரலு முழுசா இருக்காது. அவங்களயும் கையுறை போட்டுக் குளிக்கச் சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஹில்டா, கழுத்துவரை பொத்தான் போடுகிற ஹில்டா, நீச்சலுடைக்குள் கையை விட்டு, தன் சிலிக்கான் மார்பை உருவி, மேலாளரின் செருப்புக்குப் பக்கத்தில் பொத்தென்று வைத்தாள். வேகாத கொழுக்கட்டை மாதிரி அது ஈரக் கல்லில் ஆடியது. அதையும் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றாள். மேலாளர் டி-ஷர்ட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். வருத்தப்பட்ட விருந்தாளியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு குளத்துக்குப் போனாள். பிள்ளைகள்தான் வரமாட்டேன் என்று அழுதன.

கூட்டம் கலைந்ததும் ரொஸாலியா இறங்கி வரவில்லை. அந்தப் படியிலேயே நின்றாள். குளிரில் பல் தந்தியடித்தது.

"உங்க போன் எங்க அக்கா? என்னைய ஒரு படம் எடுங்க," என்றாள். "இப்படியே, முழுசா. எடுத்து அவருக்கு அனுப்புங்க. பஸ்ல ஏறிட்டா எனக்குத் தைரியம் போயிடும்."

எனக்குச் சட்டென்று பயம் பிடித்தது. ஒரு வாரம் குடித்த என் மனுஷன் ஞாபகம். வேண்டாம்டி, வீட்டுக்குப் போய் நிதானமாக என்று நானே இழுத்தேன், எவனுக்கும் பயப்படாத நான். அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். படம் எடுக்கக் கூடாது என்று பெரிய பலகை இருந்தது. பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளத்து ஓரத்தில் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த போனை எடுத்துப் படம் பிடித்தேன். அவள் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள், அடையாள அட்டைக்குப் பார்க்கிற மாதிரி. நம்பரை அவளே சொன்னாள், அனுப்பினேன்.

பதில் வரவில்லை. பார்த்துவிட்டார் என்று மட்டும் போன் காட்டியது. அலோயிஸ் சுரங்கத்தில் குடைகிறவர், அந்த விரலுக்கு எழுத்து அகப்படாது என்று அவளே ரெண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. ஹில்டா வாய்க்குள் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யெந்த்ரெக் கைதட்டினான், ஒருத்தியும் அசையவில்லை. என் மனசுக்குள் அந்த மனுஷனை முன்கூட்டியே திட்டிக்கொண்டிருந்தேன்.

போன் துடித்தது. நான் பார்க்காமல் அவளிடமே கொடுத்தேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். அப்புறம் என் கையில் திணித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"தலையெல்லாம் ஈரம். தொப்பி போடாம வெளிய வந்தே, தெரியும் சேதி."

அவ்வளவுதான் எழுதியிருந்தார். மருந்தில் கொட்டி, புதிதாய் ஒரு விரல் அளவு முளைத்திருந்த முடி. அவர் கண் அதில் போய் நின்றிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிப்ரவரி மாதம் ஈரத் தலையோடு வெளியே வருகிறவர்களைப் பெற்ற தாய்கூடச் சும்மா விடமாட்டாள். நான் அழுதேன், சொல்வதற்கு எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பஸ்ஸுக்குப் போகும் வழியெல்லாம் பனி கொட்டியது. நாங்கள் எல்லோரும் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டிருந்தோம். ரொஸாலியா மட்டும் வெறுந்தலையோடு முன்னால் நடந்தாள், முடி நுனியில் பனி உறைந்துகொண்டிருந்தது. ஹில்டா தன் சால்வையை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"வேணாம் அக்கா. வீட்டுக்குப் போறேன், திட்டட்டும். ஆபரேஷன் ஆனதுலேருந்து அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டலை," என்றாள்.