தலைமன்னார் கப்பல்

பத்துபஸ்தியில், தீவின் விமான நிலையத்துக்குப் போகிற வழியில், முத்துராஜ் டிக்கெட் கடை வைத்திருந்தான். எந்த ஊருக்கு வழி கேட்டாலும் மூச்சுவிடாமல் சொல்லுவான். மாயாபந்தருக்கு பஸ்ஸா கப்பலா, சென்னைக்கு மூன்று நாள் கடலா, இரண்டு மணி நேர விமானமா, எல்லாம் விரல்நுனியில். பெற்ற தாய்க்கு மட்டும் ஒரு வழியும் சொல்லாத புண்ணியவான்.

தாய் ராசம்மா சிலோனில் ஹட்டன் பக்கத்து மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். எழுபத்து நான்கில் புருஷனோடும் கைக்குழந்தை முத்துராஜோடும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள். பிறகு கச்சால் தீவு ரப்பர் தோட்டம். மூத்தவள் வசந்தகுமாரி மட்டும் வரவில்லை. அவளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்திருந்தது. சுனாமியில் புருஷனையும் வீட்டையும் பறிகொடுத்துவிட்டு ராசம்மா மகனிடம் வந்து சேர்ந்தாள். வந்த நாள் முதல் ஒரே கேள்விதான்.

"வசந்தாவ ஒருக்கா பாத்துட்டு வந்துறலாமா தம்பி?"

"அங்க சண்டை நடக்குதும்மா. தலைமன்னார் கப்பல நிறுத்திட்டாங்க. திரும்ப விட்டா ரேடியோவுல சொல்லுவாங்க."

கப்பல் நின்றது உண்மை. நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதையும், விமானம் நிற்கவில்லை என்பதையும் அவன் சொல்லவில்லை. தீவில் வாழ்கிறவர்களுக்குக் கப்பல் இல்லையென்றால் வழி இல்லை. ராசம்மா நம்பினாள். தினமும் காலையில் ரேடியோவில் தீவுகளுக்குப் போகும் கப்பல்களின் அறிவிப்பு வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். ஹட்பே வரும், கமோர்ட்டா வரும், கச்சால் வரும். "இன்னைக்கும் விடல" என்று எழுந்து போவாள். மூன்று வருஷமாக இப்படி. பல் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் மகனுக்கு வெட்கமாகத்தான் இருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் எடுத்தால் போலீஸ் தெருவுக்கு வந்து விசாரிக்கும். பள்ளிக்கூடத்தில் 'சிலோன்காரன்' என்று கேலி கேட்டு வளர்ந்தவன், கடை வைத்ததும் தன் ஊர் துறையூர் என்று சொல்லிவைத்திருந்தான். சண்டை முற்றிய இந்த 2008-இல் அதை மாற்றிச் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. அம்மாவையும் கடைப்பக்கம் வரவிடுவதில்லை. அவள் வாயைத் திறந்தால் தோட்டத்துப் பேச்சு வந்துவிடுமே!

அக்டோபரில் ஒருநாள் காண்ட்ராக்டர் ஜம்புலிங்கம் கடைக்கு வந்தார். நிஜமான துறையூர்க்காரர்.

"பையன் கொழும்புல வேலையா இருக்கான்ப்பா. லடாய் நடக்கற நாடாச்சே, போவ முடியுமா?"

"ஏன் சார் முடியாது? இங்கேருந்து சென்னைக்கு ஃபிளைட். கப்பல்னா மூணு நாள். சென்னை, திருச்சி எங்கேருந்து வேணாலும் கொழும்பு ஒரு மணி நேரம்தான். வவுனியாவுக்கு வடக்கதான் ரோடு அடைச்சிருக்கு. மலைப்பக்கம் ஒரு தொந்தரவும் இல்ல. ஹட்டனுக்கு தினமும் ரயில் போவுது."

"ஹட்டனுக்குக் கோச்சி ஓடுதா தம்பி?"

வாசல் பெஞ்சில் ராசம்மா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாளோ! கையில் ஒரு கடிதம்.

"வசந்தாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம். அவ மக எழுதியிருக்கா. காயிதம் வருதே, மனுசி போக வழி இருக்காதான்னு கேக்கத்தான் வந்தேன்." அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம் என்றிருக்கும்.

ஜம்புலிங்கம் நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். முத்துராஜ் பாஸ்போர்ட் ஃபாரத்தை எடுத்தான். அம்மாவின் பெயர், அவள் தகப்பன் பெயர் எழுதியாயிற்று. பிறந்த இடம் என்ற வரியில் பேனா நின்றது.

ராசம்மா ஜம்புலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேஜை மேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "தொறையூருன்னே போட்டுக்க தம்பி. நீ சொல்லி வச்சிருக்கறதே இருக்கட்டும். நான் போய்ச் சேந்தாப் போதும்."

அம்மாவுக்குத் துறையூர்ப் பொய் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் இத்தனை நாளும் கடைப்பக்கம் வராமல் இருந்திருக்கிறாள். முத்துராஜுக்கு உடம்பெல்லாம் கூசியது. 'ஹட்டன், சிலோன்' என்று கொட்டை எழுத்தில் எழுதினான்.

ஜம்புலிங்கம் எட்டிப் பார்த்தார். "அம்மா அங்கேயா பொறந்தாங்க?"

"நானும்தான் சார்."

அவர் "அப்படியா" என்றார். அவ்வளவுதான். இதற்குத்தான் மூன்று வருஷம்.

"பாஸ்போட்டு வர எத்தன நாளாகும் தம்பி?" என்று கேட்டாள் ராசம்மா.

"ஒன்றரை மாசம்மா."

ராசம்மா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அதுவரைக்கும் இருப்பாளா?"

மறுநாள் காலையில் கப்பல் அறிவிப்பு நேரம் வந்தது. ராசம்மா ரேடியோவைத் திருகவில்லை.